யார்டு வாசலில் கட்டிய யானை பேனர்

இதைப் படிக்கப் போகிறவர்கள் என் கையெழுத்துக்காக முதலிலேயே மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரி பாதியில் மேலே ஏறிவிடுகிறது. கார் ஓட்டும்போது கோட்டைத் தாண்டாதவன், பேனா பிடித்தால் தாண்டிவிடுகிறேன். ல, ள, ழ மூன்றும் எனக்குக் குழப்பம். திருவொற்றியூரில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் டீக்கடைப் பேப்பரும் சுவரொட்டியும்தான். எழுதுவதை விடப் பேசுவது எனக்குக் கஷ்டம். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். பிழைகளை நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எண்ணூர் துறைமுகத்தில் வேலை. ஏற்றுமதிக்கு வரும் புதுக் கார்களை, அவை வந்து நிற்கும் திடலான யார்டிலிருந்து எடுத்து, கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். கப்பல் என்றால் கடலில் மிதக்கிற மாடிக் கட்டடம் மாதிரி இருக்கும். உள்ளே மாடி மாடியாகச் சரிவுப் பாதை ஏறும். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம். நிறுத்திவிட்டு, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பை ஒடுக்கி வெளியே வர வேண்டும். பெயின்ட்டில் கீறல் விழக்கூடாது என்பதற்காக பெல்ட், கடிகாரம், மோதிரம் எதுவும் போட விடமாட்டார்கள். நாங்கள் பேன்ட்டை நாடா போட்டுக் கட்டிக்கொள்வோம். என் கல்யாண மோதிரம் பல வருடமாக வீட்டில் அரிசி டப்பாவில் கிடக்கிறது. எல்லோரும் இறங்கியதும் ஒரு வேன் வந்து எங்களை அள்ளிக்கொண்டு மறுபடி யார்டில் விடும். ஒரு நாளைக்கு எத்தனையோ புதுக் கார் ஓட்டுகிறேன். ஒன்றிலும் இரண்டாவது தடவை உட்கார்ந்தது இல்லை.

இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டது என் அக்காவின் கணவர். மாமா என்றே எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். எங்கள் கேங்குக்கு அவர்தான் மேஸ்திரி. எந்தக் கார் முன்னால் போக வேண்டும், யார் எந்த மாடிக்கு ஓட்ட வேண்டும் என்பதையெல்லாம் அவர்தான் கை காட்டுவார். எனக்கு இல்லாத வாயையும் சேர்த்து அவருக்கே கடவுள் கொடுத்திருந்தார். கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவர். இளவயதில் தேர்தல் வந்தால் பேனர் கட்டுவது, கொடிக் கம்பம் நடுவது, தோரணம் இழுப்பது எல்லாம் அவர்தான். எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார். "ஜெயிக்கிறவனுக்கு முன்னாடி கட்டு, தோத்தவனுக்கு அப்பால போய் ஆறுதல் சொல்லு. ரெண்டு பேரும் உன்னிய மறக்க மாட்டான்" என்பார்.

நாங்கள் ஏற்றும் கார்களில் ஒரு பகுதி அமெரிக்காவுக்குப் போகும். அந்தக் கார்களைச் செய்யும் கம்பெனி நம் நாட்டுக் கம்பெனியும் இல்லை, அமெரிக்கக் கம்பெனியும் இல்லை. வேறு ஒரு நாட்டுக்காரர்களுடையது. தொழிற்சாலை நம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. எங்களுக்கு அது வெறும் கம்பெனிதான். அமெரிக்காவுக்குப் போகும் கார்களை அமெரிக்கா லைன் என்போம். மாமாவின் கேங் முக்கியமாக அந்த லைனுக்குத்தான்.

அமெரிக்காவில் முன்பு ஒரு கட்சி ஆட்சியில் இருந்தது. அப்போது அமெரிக்கா லைன் கார்களின் பின் கண்ணாடியில் ஒரு பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டி வரும். புகை இல்லாத வண்டி, வானத்துக்கு நல்லது என்று அர்த்தமாம். பிறகு தேர்தல் வந்து ஆட்சி மாறியது. மாறி இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் கம்பெனியின் யார்டு அதிகாரியாக இருந்த மேடம் வந்து, யார்டில் நிற்கிற எல்லா வண்டியிலும் இலையை உரிக்கச் சொன்னார்கள். பிளேடு வைக்கக்கூடாது. ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு நகத்தால் உரிக்க வேண்டும். எண்ணூர் நிலக்கரித் தூசி ஒரு பக்கம், பசை ஒரு பக்கம். எல்லோர் நகமும் கறுத்துப் போனது.

புளியந்தோப்பிலிருந்து வரும் பாய் எங்கள் கேங்கில் நல்ல ஓட்டுநர். இலையை உருண்டையாக உருட்டிக்கொண்டே மேடத்திடம் கேட்டார்.

"இன்னா மேடம், வானத்துக்கு இனிமே நல்லது வாணாமா?"

மேடம் சிரிக்கவில்லை. "பாய், கேள்வி கேக்காம உரிங்க. அங்க ஆட்சி மாறிடுச்சு. இலையப் பாத்தா பழைய கட்சியோட ஆளுங்கன்னு நினைச்சுப்பாங்க."

"அப்ப புது கட்சி கொடிய ஒட்டலாமே?"

"அதுவும் கூடாது. இந்த வண்டிய அதிகமா வாங்கறதே பழைய கட்சிக்காரங்கதான். நாம எந்தப் பக்கமும் இல்ல. அவ்ளோதான்."

அவர்கள் போன பிறகு மாமா எங்களுக்கு விளக்கினார். "புரிதா? வாங்கறவன் ஒரு கட்சி, ஆள்றவன் ஒரு கட்சி. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுகினு கம்பெனி பல்ல இளிச்சிகினு கீது. நம்ம காண்ட்ராக்டர் ஆபீஸுல படத்த மாத்தி மாத்தி மாட்றாரு பாரு, அந்த கதைதான்."

கம்பெனிக்காக எங்களை வேலைக்கு எடுத்திருக்கும் காண்ட்ராக்டரின் ஆபீஸ், யார்டு வாசலுக்கு வெளியே ஒரு பழைய கன்டெய்னர். அதன் சுவரில் ஓர் ஆணிதான் உண்டு. நம் ஊரில் ஆட்சி மாறினால் அதில் தலைவர் படம் மாறும். கழற்றிய படத்தைத் துடைத்துப் பீரோவுக்கு மேல் வைத்துவிடுவார். தூக்கிப் போட்டதே இல்லை. எங்களுக்கு எல்லாம் அது சாதாரணம். அமெரிக்காவிலும் அப்படித்தான் என்று தெரிந்ததும் எங்களுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. தெரிந்த விஷயம்தானே.

அதற்குப் பிறகு வரி என்ற பேச்சு வந்தது. வெளியிலிருந்து வரும் கார்களுக்கு அந்த நாட்டில் வரி ஏற்றப் போகிறார்கள் என்றார்கள். ஒரு வாரம் ஏற்றிவிட்டார்கள் என்பார்கள், அடுத்த வாரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பார்கள். கப்பல்கள் குறைந்தன. அமெரிக்கா லைன் கார்கள் யார்டிலேயே நின்று, மேலே தூசி படிந்து, எல்லாம் ஒரே நிறமாகின. வாரத்துக்கு ஒரு தடவை கழுவினோம். கழுவிய மறுநாள் மறுபடி படிந்துவிடும்.

ஒரு நாள் காண்ட்ராக்டர் மாமாவைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"கம்பெனிக்காரங்க ஃபாரின்லேர்ந்து வராங்கோ. யார்ட பாத்துட்டு, அமெரிக்கா லைன் இங்க இருக்கணுமா வாணாமான்னு முடிவு பண்ணுவாங்களாம். லைன் நின்னா உன் கேங்குல பாதி பேருக்கு பாஸ் புதுப்பிக்க முடியாது. வயசு பாப்பாங்க. மொத ஆளு நீதான், நைனா. நான் இப்பவே சொல்லிட்டேன்."

பாஸ் என்பது துறைமுகத்துக்குள் போகிற அட்டை. கழுத்தில் தொங்கும். அது இல்லாவிட்டால் வாசலில் இருக்கும் சுழல் கம்பி சுற்றாது. மாமாவுக்கு ஐம்பத்தாறு முடிந்திருந்தது. வேறு எங்கும் யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டிலும் அந்த அட்டையைக் கழற்ற மாட்டார். சாப்பிட உட்காரும்போது தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்வார். அன்று திரும்பி வரும் வழியில் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம், "நான் வுட மாட்டேன் மச்சான். வர்றவனுங்கள கவனிக்கிற விதத்துல கவனிச்சா அவன் ஏன் நிறுத்தறான்?" என்றார். 

மாமா தண்டையார்ப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். கார் போய்ச் சேரும் ஊரில் ஜெயித்த கட்சியைக் கொண்டாடினால் லைன் நிற்காது என்பது அவர் கணக்கு. அமெரிக்காவில் ஜெயித்த கட்சியின் சின்னம் யானை என்று பாய் போனில் பார்த்துச் சொல்லியிருந்தார். தோற்ற கட்சிக்குக் கழுதை. கடைக்காரரிடம் இருந்தது நெற்றிப்பட்டம் கட்டிய கோயில் யானைதான். அதையே போடச் சொன்னார். யானைக்குப் பின்னால் அமெரிக்கக் கொடி. யானையின் தும்பிக்கையில் ஒரு ரோஜா மாலை. அந்த மாலை எங்கள் கம்பெனிக் காரின் மேல் விழுகிறது. மூலையில் கைகூப்பியபடி காண்ட்ராக்டர். தன் படத்தை மாமா போடவில்லை. 'வெற்றி பெற்ற யானையே வருக! எங்கள் காரை வாழ வைக்க வருக!' என்று மேலே தமிழில், கீழே அதுவே இங்கிலீஷில்.

காண்ட்ராக்டர் பார்த்தார். தன் படம் நன்றாக வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

"யான மட்டும் போட்டா அந்த இன்னொரு கட்சிக்காரன் கோச்சிக்க மாட்டானா?" என்று பிறகு கேட்டார்.

"அதான் ஓரத்துல ஒரு கழுதயும் போட்டுறலாமா சார்?" என்றார் பாய்.

"யோவ், என் படத்து பக்கத்துல கழுதயா? யானையே இருக்கட்டும்."

விருந்தாளிகள் வரும் நாள் காலையில் யார்டு வாசலுக்கு நேர் எதிரே, கன்டெய்னர் மேல் சாரம் வைத்து மாமா பேனரைக் கட்டினார். நான் கீழே நின்று கயிறு பிடித்தேன். கடல் காற்றுக்குக் கிழியாமல் இருக்க நடுநடுவே அரைவட்டமாக ஓட்டை போட்டுவிட்டார். யானையின் காதில் ஒன்று, காரின் பேனட்டில் ஒன்று. இறங்கி வந்து தூரமாக நின்று பார்த்தார். "நேரா கீதா?" என்றார். நேராகத்தான் இருந்தது.

வந்தவர்கள் மூன்று பேர். ஆரஞ்சு மேல்சட்டையும் ஹெல்மெட்டும் போட்டிருந்தார்கள். மாமா ஆளுக்கொரு மாலை போட்டார். அதில் உயரமாக இருந்தவர் பேனரைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டார். இந்தியா என்றால் யானை என்று நினைத்திருப்பார். மாலையோடு பேனருக்குக் கீழே நின்று, மாமாவின் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்ததைப் பார்த்து, விரலால் தட்டி, எங்கோ அனுப்பினார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மேடம் அப்போதுதான் காரிலிருந்து இறங்கினார்கள். பேனரைப் பார்த்தார்கள். கொடியையும் யானையையும் காரையும் ஒரு தடவை பார்த்தார்கள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூட மறந்து, தண்ணீர் அவர்கள் ஷூவில் வழிந்துகொண்டிருந்தது.

"யார் கட்டினது இதை?"

"நான்தாம்மா" என்றார் மாமா சந்தோஷமாக. "ஜெயிச்ச கட்சி. நம்ம மரியாதைக்கு."

"அய்யோ அண்ணா. கழட்டுங்க. இப்பவே கழட்டுங்க."

கழற்றினோம். ஆனால் போட்டோ போய்விட்டது. உயரமானவர் அதைத் தன் நண்பர்கள் பார்க்கப் போனில் போட்டிருந்தார். அங்கிருந்து அது அமெரிக்காவில் யார் யாரிடமோ போயிருக்கிறது. அந்த வாரம் முழுக்க டீக்கடையில் பாய் போனைப் பார்த்துப் பார்த்துச் சொல்வார். தோற்ற கட்சிக்காரர்கள், கம்பெனி யானைக் கட்சியில் சேர்ந்துவிட்டது, இனி அந்தக் காரை வாங்க மாட்டோம் என்று எழுதினார்களாம். கம்பெனி பயந்துபோய் ஓர் அறிக்கை விட்டது. அந்தப் பேனருக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று. உடனே ஜெயித்த கட்சிக்காரர்களுக்குக் கோபம். எங்கள் யானை பக்கத்தில் நிற்பது உங்களுக்கு அவமானமா என்று கேட்டார்களாம்.

"கட்டனதுக்கு அவன் கோச்சிக்கிறான், அவுத்ததுக்கு இவன் கோச்சிக்கிறான்" என்றார் பாய். "பேஜாரு புடிச்ச தேசம்பா. நம்மூரே தேவல. இங்க ஒருத்தன்தான் கோச்சிப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மேடம் எங்களை யார்டில் வரிசையாக நிற்க வைத்து அந்த அறிக்கையைத் தமிழில் சொன்னார்கள். 'நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத வெளியாள் ஒருவர்' என்று அதில் இருந்தது. சொல்லும்போது மாமாவைப் பார்க்கவில்லை. இனிமேல் யாரும் அந்த நாட்டுக் கட்சிகளைப் பற்றிப் பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, போனில் எதையும் போடக்கூடாது என்றார்கள். கூட்டம் கலைந்த பிறகு மாமா, "வெளியாளுன்னா யாரு மச்சான்?" என்றார். தெரிந்தேதான் கேட்டார். அந்த யார்டில் தார் போடுவதற்கு முன்னால் முள் வெட்டியவர் அவர்.

பாஸ் முடிகிற மாதம் வந்தது. எல்லோரின் பழைய அட்டையையும் காண்ட்ராக்டர் வாங்கிப் போனார். புது அட்டை வந்தபோது மாமாவுக்கு மட்டும் வரவில்லை. லைன் நிற்கவில்லை. இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேனர் கட்டிய ஆள் உள்ளே இருக்கக்கூடாது என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்களாம். பழைய அட்டையில் தேதி முடிய இன்னும் சில நாள் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து, அதுவரை வந்து போகச் சொன்னார் காண்ட்ராக்டர்.

அக்கா என்னிடம், "நீ போய் ஒரு வார்த்த கேளுடா. உனக்கு அவரு எவ்ளோ செஞ்சிருக்காரு" என்றது. நான் கன்டெய்னர் ஆபீஸுக்குப் போனேன். பீரோவுக்கு மேல் இருந்த படங்களோடு யானை பேனரையும் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"இன்னாபா?" என்றார் காண்ட்ராக்டர்.

"மாமாவுக்கு பாஸ்..." என்றேன்.

"தெரியும். நான் இன்னா பண்ணட்டும்? என் படமே அதுல கீது. நானே மேல போயி, எனக்கு தெரியாம அவரு போட்டுட்டாருன்னு சொல்லிட்டு வந்துகிறேன். இல்லன்னா மொத்த காண்ட்ராக்டும் பூடும். உன் வேலயும்தான்." பிறகு, "கேங்க நீ பாத்துக்கோ. நீ பேச மாட்ட. இப்ப அவங்களுக்கு அதான் வோணும்" என்றார்.

நான் தலையாட்டினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. வெளியே வந்தபோது யார்டுக்குள் ஒரு டிரெய்லர் கார்களை இறக்கிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன். எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. பசிக்கிறதா என்று யோசித்தேன். பசிக்கவும் இல்லை.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் முடியாது என்கிறார் என்று சொன்னேன். கேங்கை எனக்குக் கொடுத்ததை மாமாவிடம் தனியாகச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "மேல் மாடிக்கு பாய அனுப்பு. அவன் பிரேக்கு சாஃப்ட்டா புடிப்பான்" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சில நாட்களுக்குள்தான் டீக்கடை டிவியில் அதைக் காட்டினார்கள். எங்கள் கம்பெனியின் பெரிய முதலாளி அமெரிக்காவில், அந்த நாட்டுத் தலைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பெரிய கொடி. அங்கேயே ஒரு தொழிற்சாலை கட்டப் போகிறோம் என்று அறிவித்தார். இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். கேமராக்கள் மின்னிக்கொண்டே இருந்தன. முதலாளி சிவப்பு டை கட்டியிருந்தார். யானைக் கட்சிக்கு அங்கே சிவப்பு நிறமாம். இதையும் பாய்தான் சொன்னார்.

"பேனர்ல போட்டா தப்பு, கழுத்துல கட்டிகினா தப்பு இல்ல" என்றார் பாய். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மாமா டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கை குலுக்கலை மூன்று தடவை போட்டுக் காட்டினார்கள். மூன்றையும் பார்த்தார். பிறகு டீக்கடைக்காரரிடம், "சக்கரை ஜாஸ்தி போட்டுட்ட" என்று சொல்லி, பாதி டீயைக் கீழே ஊற்றினார்.

அங்கே தொழிற்சாலை வந்தால் இங்கிருந்து அமெரிக்கா லைன் போகாது என்று அன்றைக்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கட்டி முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல், சில வாரத்தில் லைனை நிறுத்திவிட்டார்கள். கேங்கில் இன்னும் சிலருக்கு வேலை போனது. எங்களை வேறு லைனுக்கு மாற்றினார்கள். ஆப்பிரிக்கா, வளைகுடா நாடுகள். வலது பக்கம் ஸ்டியரிங், இடது பக்கம் ஸ்டியரிங் என்று வண்டிகள் மாறிமாறி வரும். சரிவில் ஏறும்போது சில நாள் கை தவறான பக்கம் கியரைத் தேடும். மற்றபடி வித்தியாசம் ஒன்றும் இல்லை. மாமா பேனரைக் கட்டாமல் இருந்திருந்தாலும் இதுதான் ஆகியிருக்கும் என்று பாய் சொல்வார். அதை நான் மாமாவிடம் சொன்னது இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் ஆவதற்கு முன்னால், பாஸை ஒப்படைக்கிற அன்று மாமா பைக்கில் என்னை வாசலில் இறக்கிவிட்டார். ஹெல்மெட், மேல்சட்டை, ஷூ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வாசல் காவலர் அவரைப் பல வருடமாகத் தெரிந்தவர். "இன்னா ணா, உள்ள வந்து ஒரு டீ குட்சிட்டு போ" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. மாமா கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். நாடாவையும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் காவலர். வெறும் நாடாவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் சுழல் கம்பியைத் தாண்டி உள்ளே போனேன். அவர் அந்தப் பக்கம் நின்றார்.

"இன்னிக்கி எந்த தேசத்துக்கு?" என்று கேட்டார்.

பெயரைச் சொன்னேன்.

"அங்க எந்த கட்சி?"

"தெரியாது மாமா."

"சரி. போ, கப்பல் வெயிட் பண்ணும்."

போனேன். கேங்கில் எல்லோரும் நான் கை காட்டுவதற்காக நின்றுகொண்டிருந்தார்கள். எந்தக் கார் முதலில் என்று வாயால் சொல்ல வரவில்லை. நானே முன்னால் இருந்த வெள்ளைக் காரில் ஏறி, அதை எடுத்தேன். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். கப்பலின் சரிவில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வரிசையாக வெள்ளைக் கார்கள்தான் தெரிந்தன. வாசல் அங்கிருந்து தெரியாது.

மாமா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நான் ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகிறேன். அக்கா பழக்கத்தில் இன்னும் இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிவிடுகிறது. ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு, ஒன்றை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, கப்பல் இல்லை. அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுதி முடித்துவிட்டேன்.

திருவொற்றியூர்
2025 நவம்பர் 9, ஞாயிறு